வைக்கோற்போர் நினைவுத்தூணில் ஐந்து பெயர்கள்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மலைகளுக்கு நடுவே வில்லியம்ஸ்டவுன் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அங்கே 1793-ல் தொடங்கிய வில்லியம்ஸ் கல்லூரிதான் ஊரின் பெரும்பகுதி. அந்த வளாகத்தில் மிஷன் பார்க் என்ற புல்வெளியில் மரங்களுக்கு இடையே ஒரு சலவைக்கல் தூண் நிற்கிறது. உயரம் 12 அடி. உச்சியில் 3 அடி விட்டத்துக்கு ஓர் உலக உருண்டை. அதற்குக் கீழே 'நிலம் உலகம்' என்ற பைபிள் வாசகம். அதற்கும் கீழே கல்லில் புடைப்பாகச் செதுக்கிய ஒரு வைக்கோற்போர். அமெரிக்க அயல்நாட்டு மிஷன்கள் பிறந்த இடம் இது, 1806 என்று எழுதி, ஐந்து மாணவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள்.

சாமுவேல் மில்ஸ், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், பிரான்சிஸ் ராபின்ஸ், ஹார்வி லூமிஸ், பைரம் கிரீன்.

கல்லூரி நினைவுச்சின்னங்கள் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது நிறுவனரின் சிலை. இல்லையென்றால் நன்கொடையாளர் பெயரில் ஒரு மண்டபம், போரில் இறந்த மாணவர்களின் பெயர்ப்பலகை. கோயில் மாதிரி உருவம் வைத்துக் கும்பிடாத சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள், வைக்கோற்போருக்கு எதற்காகச் சலவைக்கல்லில் தூண் எழுப்பினார்கள் என்பது நியாயமான கேள்வி. தமிழ் படிப்பவர்களுக்கு இந்தத் தூண் ஏன் முக்கியம் என்பது அதைவிட முக்கியமான கேள்வி. இரண்டாவதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் 1806. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. இந்த ஐந்து மாணவர்களும் கல்லூரிக்குப் பக்கத்தில் ஸ்லோன் என்பவரின் புல்வெளியில் ஜெபத்துக்குக் கூடியிருந்தார்கள். இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த வைக்கோற்போரின் மறைவில் ஒதுங்கினார்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போதே பேச்சு ஆசியாவைப் பற்றிப் போனது. ஆசியாவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுபோக வேண்டும், மனது வைத்தால் நம்மாலேயே முடியும் என்றார் மில்ஸ். அவர்கள் யாரும் ஆசியாவைப் பார்த்ததில்லை. அமெரிக்கா அன்றைக்கு முப்பது வயதே ஆன தேசம். அதுவரை அங்கிருந்து கடல் கடந்து மிஷனரிகளை அனுப்ப ஒரு சங்கமும் இல்லை.

பேச்சு பேச்சோடு நிற்கவில்லை. 1808-ல் கல்லூரியிலேயே ஒரு ரகசியச் சங்கம் வைத்தார்கள். அங்கிருந்து ஆண்டோவர் இறையியல் பள்ளிக்குப் போனார்கள். 1810-ல் அமெரிக்கன் போர்டு என்று பின்னாளில் உலகம் முழுக்க அறியப்பட்ட மிஷன் சங்கம் உருவானது. 1812-ல் முதல் குழு கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகளே பிடிக்காத காலம், அதிலும் இவர்கள் அமெரிக்கர்கள். அதே ஆண்டு இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போரும் மூண்டுவிட்டது. கல்கத்தாவில் இறங்கியவர்களைத் தங்க விடவில்லை. சிதறிப் போனவர்களில் ஒருவரான சாமுவேல் நியூவெல் இலங்கைக்குப் போய்ப் பார்த்தார். இலங்கை கம்பெனியின் கையில் இல்லை, நேரடியாக பிரிட்டிஷ் அரசின் கீழ் இருந்தது. ஆளுநர் பிரௌன்ரிக் கொஞ்சம் இணக்கமாக இருந்தார். யாழ்ப்பாணம் நல்ல இடம் என்று நியூவெல் எழுதி அனுப்பினார்.

1815 அக்டோபரில் டிரையட் என்ற கப்பல் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. 1816 மார்ச்சில் கொழும்பு. அதில் வந்தவர்களில் ஒருவர் டேனியல் பூர். இன்னொருவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், வைக்கோற்போரின் மறைவில் நனைந்தபடி உட்கார்ந்திருந்த ஐவரில் ஒருவர்.

நான் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவன். எங்கள் லைப்ரரியின் பெயர் டேனியல் பூர் நினைவு நூலகம். படிக்கிற காலத்தில் அந்தப் பெயர் யாருடையது என்று நினைத்துப் பார்த்ததில்லை. யாழ்ப்பாணக் கல்லூரியின் நூலகத்துக்கும் அதே பெயர்தான் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்தபோதுதான் தேடத் தொடங்கினேன். கடலுக்கு இருபுறமும் இரண்டு தமிழ் ஊர்களில் ஒரே மனிதர் பெயரில் நூலகம். பூர் யாழ்ப்பாணத்தில் இருபது ஆண்டுகள் இருந்துவிட்டு, 1836-ல் மதுரைக்கு வந்தார். மதுரை மிஷனே யாழ்ப்பாண மிஷனின் கிளையாக 1834-ல் தொடங்கியதுதான். ஐந்தாண்டுகள் இங்கே பள்ளிகள் நடத்திவிட்டு மறுபடி யாழ்ப்பாணத்துக்கே போனார். அவரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் வில்லியம்ஸ்டவுனில் போய் நிற்கிறோம்.

அந்தத் தூணைப் போய்ப் பார்க்க வாய்ப்பு வந்தபோது என் அண்ணன் மகன் கார் ஓட்டிக்கொண்டு கூட வந்தான். அமெரிக்காவிலேயே பல வருடங்களாக இருப்பவன், இதைக் கேள்விப்பட்டதே இல்லை. பெயர்களை வரிசையாகப் படித்துவிட்டு, "இதுல யாரு சித்தப்பா நம்ம பக்கம் வந்தது?" என்று கேட்டான். ரிச்சர்ட்ஸ் பெயரைக் காட்டினேன். "மத்தவங்க?" என்றான்.

அந்தக் கேள்விதான் முக்கியம். ராபின்ஸ் கனெக்டிகட்டில் போதகராக இருந்தார். லூமிஸ் மெய்ன் மாநிலத்தில் பாங்கர் என்ற ஊரில் போதகர், 1825-ல் அங்கேயே இறந்தார். பைரம் கிரீன் நியூயார்க்கில் அரசியலுக்குப் போய், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கூட ஆனார். மில்ஸ் ஓயாமல் ஓடியாடிய மனிதர். பல சங்கங்கள் தொடங்கக் காரணமானவர், ஆப்பிரிக்காவுக்கு ஒரு வேலையாகப் போய்விட்டுத் திரும்புகையில் 1818-ல் கடலிலேயே இறந்தார். ஆக, 'அயல்நாட்டு மிஷன்கள் பிறந்த இடம்' என்ற தூணில் இருக்கும் ஐந்து பேரில், அயல்நாட்டுக்கு மிஷனரியாகப் போய் வாழ்ந்தவர் ஒரே ஒருவர். அவர் போனது தமிழர்களிடம். 1822 ஆகஸ்ட் 3 அன்று தெல்லிப்பழையில் காசநோய் அவரைக் கொண்டுபோனது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரோடு கப்பலில் வந்த எட்வர்ட் வாரனுக்கும் அதே நோய். உடம்பு தேற இருவரையும் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு அனுப்பினார்கள். வாரன் அங்கேயே 1818-ல் இறந்துவிட்டார். ரிச்சர்ட்ஸ் சாகப்போகிறோம் என்று தெரிந்தும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினார்.

இந்தச் செய்தியில் ஒரு வரிகூடத் தூணில் இல்லை. இது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. தூணை எழுப்பியவர்கள் எதை நினைவில் வைக்க விரும்பினார்கள் என்பதைப் பார்த்தால் காரணம் புரியும்.

நாற்பத்தெட்டு ஆண்டுகள் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வைக்கோற்போர் என்ன, அந்த வருடக் குளிர்காலத்தில் மாடுகள் தின்று தீர்த்திருக்கும். இடம் எது என்பதே மறந்துபோயிருந்தது. 1854-ல் பைரம் கிரீன் வயதான காலத்தில் ஊருக்கு வந்து, இதுதான் அந்த இடம் என்று காட்டினார். அங்கே ஒரு தேவதாரு முளையை அடித்து வைத்தார்கள். பழைய மாணவர்கள் பணம் சேர்த்துப் புல்வெளியை வாங்கினார்கள். கல்தூணுக்கான செலவை ஹார்வி ரைஸ் என்ற பழைய மாணவர் ஏற்றுக்கொண்டார். 1867 ஜூலையில் திறப்பு விழா. கல்லூரித் தலைவர் மார்க் ஹாப்கின்ஸ் உரையாற்றினார். அவர்தான் அப்போது அமெரிக்கன் போர்டுக்கும் தலைவர்.

1867 என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். வடக்கே இருந்த கல்லூரிகளெல்லாம் தங்கள் மாணவர்களைப் பறிகொடுத்திருந்தன. நினைவுச்சின்னம் எழுப்புவது அந்தத் தலைமுறையின் பெரிய வேலையாக இருந்தது. வில்லியம்ஸ் கல்லூரியே அடுத்த ஆண்டில் போர்வீரர் நினைவுச்சின்னம் ஒன்றை வைத்தது. ஹார்வர்டு 1870-ல் நினைவு மண்டபம் கட்டத் தொடங்கியது. தேவாலயம் போல உயர்ந்து நிற்கும் அந்தச் செங்கல் கட்டடத்தின் நடுக்கூடத்தில், வடக்கின் பக்கம் நின்று போரிட்டு இறந்த 136 ஹார்வர்டு மாணவர்களின் பெயர்கள் சலவைக்கல் பலகைகளில் இருக்கின்றன. தெற்குப் பக்கம் போரிட்டு இறந்த ஹார்வர்டு மாணவர்களும் உண்டு. அவர்கள் பெயர் அங்கே இல்லை. கல்லூரி நினைவுச்சின்னம் என்பது நடந்ததை எல்லாம் சொல்லும் ஏடு கிடையாது. நாங்கள் யார் என்று ஒரு கல்லூரி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அது. வில்லியம்ஸ் கல்லூரி தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பியது, இங்கே ஐந்து பிள்ளைகள் ஓர் உறுதி எடுத்தார்கள் என்பதை. அந்த உறுதி போய்ச் சேர்ந்த ஊரில் என்ன ஆனது என்பது அந்தத் தூணின் கவலை இல்லை.

சரி, அந்த ஊரில் என்ன ஆனது?

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை என்றதும் இன்று நமக்குத் தனித் தமிழீழம் கேட்ட 1976-ன் தீர்மானம்தான் ஞாபகம் வரும். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு, 1823-ல், அங்கே அமெரிக்கர்கள் ஓர் உயர்கல்வி நிலையம் தொடங்கினார்கள். கல்லூரி என்றே பெயர் வைக்கத் திட்டம். காலனி அரசு அனுமதிக்கவில்லை. அதனால் செமினரி என்ற பெயரோடு நடந்தது. பூர்தான் முதல் தலைவர். ஆங்கிலம், கணிதம், வானியல், இயற்பியல் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். கூடவே தமிழிலக்கியமும் இலக்கணமும். இலங்கை அரசின் உயர் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் வந்து பார்த்துவிட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்க பாடத்திட்டம் என்று எழுதினார்.

அங்கே படித்த பிள்ளைகளின் பெயர்களைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அதிலேயே நின்றுவிட்டேன். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, எவார்ட்ஸ் கனகசபைப்பிள்ளை. 1841-ல் தொடங்கிய உதயதாரகை பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது, இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். அமெரிக்காவில் ஒருவரோ ஒரு சபையோ ஒரு பிள்ளையின் படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்பினால், அவர்கள் சொல்லும் பெயரை அந்தப் பிள்ளைக்கு வைப்பார்கள். தங்கள் போதகரின் பெயர், மிஷன் செயலாளரின் பெயர், மதிப்புக்குரிய யாரோ ஒருவரின் பெயர். நியூ இங்கிலாந்தில் இறந்துபோன ஒரு பெரியவருக்கு, மானிப்பாயிலோ அளவெட்டியிலோ ஒரு சிறுவன் உயிருள்ள நினைவுச்சின்னமாகிவிடுவான்.

இதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைக்குச் சோறும் படிப்பும் கொடுத்ததற்காக அவன் பெயர்மேல் உரிமை எடுத்துக்கொண்டது தவறு. ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து என்ன செய்தார்கள் என்று பார்க்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. பெரும்பாலானவர்கள் அப்பா அம்மா வைத்த பெயரை விடவில்லை. புதுப் பெயரை முன்னால் ஒட்டவைத்துக்கொண்டு, சொந்தப் பெயரால் நின்றார்கள். விசுவநாதபிள்ளை தமிழில் பீஜகணிதம் (அல்ஜீப்ரா) எழுதினார். சிதம்பரப்பிள்ளை தருக்கநூலைத் தமிழில் எழுதினார். சதாசிவம்பிள்ளை தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டி 1886-ல் பாவலர் சரித்திர தீபகமாக வெளியிட்டார். இன்றும் ஈழத்துப் புலவர்களைப் பற்றித் தேடுகிறவர்கள் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர். இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. சிறுப்பிட்டியில் 1832-ல் பிறந்து, வட்டுக்கோட்டையில் படித்து, சென்னைக்கு வந்து, பின்னால் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தவர். அழியும் நிலையில் இருந்த ஏடுகளைத் தேடித் தேடி அச்சேற்றியவர். வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், சூளாமணி என்று வரிசையாக. 1887-ல் அவர் பதிப்பித்த கலித்தொகைதான் எட்டுத்தொகையில் முதலில் முழுமையாக அச்சுக்கு வந்த நூல். மிஷன் பள்ளியில் படித்த அவர் பின்னாளில் சைவராகத்தான் வாழ்ந்தார்.

மிஷனின் கணக்குப்படி பார்த்தால் இது தோல்வி. அப்படித்தான் அவர்களே முடிவுக்கு வந்தார்கள். படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கும் சென்னைக்கும் போகிறார்கள், மதம் பரப்ப யாரும் மிஞ்சவில்லை, ஆங்கிலக் கல்வியே வீண் என்று பாஸ்டனிலிருந்து வந்த செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் கருதினார். 1855-ல் செமினரியை மூடினார்கள். அதே ஆண்டில் டேனியல் பூர் மானிப்பாயில் காலராவில் இறந்தார். முப்பத்தொன்பது ஆண்டுகள் தமிழர்களோடு இருந்தவர்.

மதம் மாற்ற வந்த கல்வி தமிழைப் பதிப்பிக்கும் கல்வியாக மாறியது. இன்னொரு பக்கம் ஆறுமுக நாவலர் மிஷனரிகளின் அச்சையும் பள்ளி முறையையும் அப்படியே கையிலெடுத்து, 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். மழைக்கு ஒதுங்கிய ஐந்து பேரும் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு அந்தத் தூணின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. அவர்கள் நினைத்தது நடந்ததால் அல்ல. வந்ததை வாங்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு, தங்களுக்கு வேண்டிய ஒன்றைச் செய்துகொண்ட மனிதர்கள் மறுமுனையில் இருந்தார்கள் என்பதால். மூடிய பின்பும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. எங்களுக்குக் கல்லூரி வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் முன்னின்று கேட்டு, 1872-ல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியைக் கொண்டுவந்தார்கள்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் ஒருவர் பாக்கி. சாமுவேல் பிஸ்க் கிரீன். வைக்கோற்போர் பைரம் கிரீன் வேறு, இவர் வேறு. மாசசூசெட்ஸில் வூஸ்டர் ஊர்க்காரர், மருத்துவர். 1847-ல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் கற்றுக்கொடுத்தவர், 1860-களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தால் கிராமத்தில் இருந்து வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. அதற்குப் பாடநூல் வேண்டுமே? தன் மாணவர்களையும் தமிழறிந்தவர்களையும் வைத்துக்கொண்டு உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் என்று நூல் நூலாகத் தமிழில் கொண்டுவந்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம் என்று அந்தத் தலைப்புகளைப் படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. 1873-ல் ஊர் திரும்பிய பிறகும் அந்த வேலையை விடவில்லை. தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்று இன்றும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம். மானிப்பாயில் அது நடந்தே முடிந்த விஷயம்.

கிரீன் 1884-ல் வூஸ்டரில் இறந்தார். தனக்குக் கல் வைப்பதாக இருந்தால் அதில் என்ன எழுத வேண்டும் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். பெயர், 1822–1884, தமிழர்களுக்கு மருத்துவ ஊழியர், அப்புறம் இயேசுவே எனக்கு எல்லாம் என்று ஒரு வரி. பட்டமோ பதவியோ கிடையாது.

இரண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பன்னிரண்டடித் தூணில் உலகம் முழுவதும் இருக்கிறது, தமிழர் என்ற சொல் இல்லை. வூஸ்டரின் கல்லில் தமிழர் இருக்கிறார்கள். மானிப்பாயிலும் பதிலுக்கு ஒன்று இருக்கிறது. அங்கே மருத்துவமனையின் பெயரே கிரீன் நினைவு மருத்துவமனைதான். போர்க்காலம் முழுக்க அடிபட்ட அந்த மண்ணில் பெயர் மாறாமல் இருக்கிறது. ரிச்சர்ட்ஸ் இறந்த தெல்லிப்பழைக்கு அந்தக் கொடுப்பினையும் கிடைக்கவில்லை. 1990-க்குப் பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகி, மக்களே வீடுவாசலை விட்டுப் போக வேண்டியிருந்தது. 1816-ல் அமெரிக்கர்கள் தொடங்கிய பள்ளியின் வழிவந்த யூனியன் கல்லூரியும் இடம்பெயர்ந்துதான் நடந்தது.

வில்லியம்ஸ் கல்லூரிக்கு நான் ஒன்று எழுத இருக்கிறேன். தூணைத் தொட வேண்டாம், அது அவர்கள் தலைமுறை எழுதிய வாசகம், அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு சின்னப் பலகை வையுங்கள். இந்த ஐவரில் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் யாழ்ப்பாணத்துக்குப் போனார், தெல்லிப்பழையில் இறந்தார், அவர் சேர்ந்த மிஷன் வட்டுக்கோட்டையில் தொடங்கிய கல்விநிலையத்தில் படித்த இருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள் என்று எழுதுங்கள். தாமோதரம்பிள்ளையின் பெயரும் விசுவநாதபிள்ளையின் பெயரும் அதில் தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும். பாஸ்டன் பக்கம் இருக்கும் தமிழ்ச் சங்கத்தார் யாராவது இதைப் படித்தால் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ஒரு வார இறுதியில் போயும் வரலாம். பாஸ்டனிலிருந்து டர்ன்பைக் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வூஸ்டர் வழியில்தான் வரும், முதலில் கிரீனின் கல்லைப் பார்த்துவிட்டு அப்புறம் வில்லியம்ஸ்டவுனுக்குப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். யார் நம்ம பக்கம் வந்தது என்று கட்டாயம் கேட்பார்கள்.